பர்மனென்ட் என்றொரு சொல்

ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சில் வந்து குடியேறிய சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை பொருள்களின் பெயர்கள். பஸ், சைக்கிள், சுவிட்ச், பம்ப் என்று பொருள் வந்தபோது பெயரும் உடன் வந்தது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், ஓர் ஆங்கிலப் பெயரடை ஒரு மனிதரின் வாழ்க்கைநிலையைக் குறிக்கும் பெயராகவே மாறிவிடுவது அரிது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் வடசென்னைத் தொழிற்பகுதியில் அவ்வாறு மாறிய சொல் ‘பர்மனென்ட்’.

‘அவர் பர்மனென்ட்’ என்பது இங்கே முழுமை பெற்ற வாக்கியம். எந்த ஆலை, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்ற கேள்விகள் அதன் பிறகே எழும். பல வேளைகளில் எழுவதே இல்லை. ஆங்கிலத்தில் அச்சொல் தனித்து நிற்காது. எது நிலையானது என்று கூறும் ஒரு பெயர்ச்சொல் அதன் அருகே வேண்டும். வடசென்னைத் தமிழில் அதற்கு அந்தத் துணை தேவையில்லை. ‘பர்மனென்ட் ஆனார்’, ‘பர்மனென்ட் பண்ணிட்டாங்க’, ‘பர்மனென்ட் ஆளுங்க’ என்று எழுவாயாகவும் பயனிலையாகவும் அது தன்னந்தனியாக இயங்குகிறது. விரைவான பேச்சில் ‘பர்மெண்ட்’ என்று தேய்ந்தும் ஒலிக்கும்.

சொல்லின் மூலம் இலத்தீன். ‘பெர்’ என்பது முழுவதும். ‘மனேரே’ என்பது தங்குதல். கடைசிவரை தங்கியிருப்பது என்பது வேர்ப்பொருள். எஞ்சியிருத்தலைக் குறிக்கும் ‘ரிமெய்ன்’, மாளிகையைக் குறிக்கும் ‘மேன்ஷன்’ ஆகிய ஆங்கிலச் சொற்களும் அதே வேரில் கிளைத்தவைதாம். (திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரு காலத்தில் தங்கியிருந்த இளைஞர்களில் பலர் எங்காவது பர்மனென்ட் ஆவதற்காகக் காத்திருந்தவர்கள்.)

தமிழில் இதற்கு இணையாக நாம் வழங்கும் சொற்கள் இரண்டு. ஒன்று ‘நிலையான’ என்பது. ‘நில்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. மற்றொன்று ‘நிரந்தரம்’. வடமொழியில் ‘அந்தரம்’ என்றால் இடைவெளி. ‘நிர்’ என்பது இன்மை. எனவே, நிரந்தரம் என்பதற்கு ‘இடைவெளி இல்லாதது’ என்று பொருள். ஒரே கருத்தை மூன்று மொழிகள் மூன்று விதமாகக் காண்கின்றன. இலத்தீன் தங்குதலைக் காண்கிறது. தமிழ் நிற்றலைக் காண்கிறது. வடமொழி இடைவெளியின்மையைக் காண்கிறது. இம்மூன்றனுள் தொழிலாளர் சட்டத்துக்கு மிக நெருக்கமானது மூன்றாவதுதான். அதைப் பின்னர் காண்போம்.

நம் பேச்சு வழக்கு இச்சொற்களுக்கு இடையே ஒரு வேலைப் பிரிவினையைச் செய்து வைத்திருக்கிறது. ‘இவ்வுலகில் எதுவும் நிரந்தரம் இல்லை’ என்பது துக்க வீட்டில் சொல்லப்படுவது. ‘பணி நிரந்தரம் செய்’ என்பது சுவரொட்டியிலும் ஆர்ப்பாட்ட மேடையிலும் ஒலிப்பது. ஆனால், பெண் கொடுக்கும் வீட்டார் ‘மாப்பிள்ளை பர்மனென்டா?’ என்றுதான் கேட்பர். ‘மாப்பிள்ளை நிரந்தரமா?’ என்று எவராவது கேட்டால் அது அவரது ஆயுளைப் பற்றிய விசாரிப்பாகிவிடும். நிலையாமைக்கென்று திருக்குறளிலேயே தனி அதிகாரம் உண்டு. நிரந்தரம் என்ற சொல்லின் மீது அந்தத் தத்துவ மரபின் நிழல் படிந்திருக்கிறது. பர்மனென்ட் என்ற சொல்லுக்கு அந்தச் சுமை கிடையாது. அது பணி ஆணையோடும் வருங்கால வைப்பு நிதியோடும் மட்டுமே தொடர்புடையது.

தொழிலாளியைக் குறிக்கத் தொடங்குவதற்கு முன்பே இச்சொல் இக்கரைக்கு வந்துவிட்டது. வங்காளத்தில் 1793-இல் நடைமுறைக்கு வந்து, 1802-ஆம் ஆண்டின் 25-ஆவது ஒழுங்குவிதி வழியாகச் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளுக்கும் விரிந்த ‘பர்மனென்ட் செட்டில்மென்ட்’ என்ற ஜமீன்தாரி நிலவரி ஏற்பாடு பாடநூல் படித்த அனைவரும் அறிந்ததே. என்றென்றைக்குமாக வரியை நிர்ணயித்த அந்த ஏற்பாட்டை 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. அடுத்து வந்தது ரயில். 1856-இல் ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. தண்டவாளம், அதைத் தாங்கும் கட்டை, அதன்கீழ் சரளைக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்ததை ரயில்வே மொழியில் ‘பர்மனென்ட் வே’ என்பர். கட்டுமானக் காலத்தில் மண்ணும் கல்லும் ஏற்றிச் செல்வதற்காகப் போடப்படும் தற்காலிகப் பாதையிலிருந்து வேறுபடுத்தவே இப்பெயர். ஆக, ராயபுரத்தில் முதலில் பர்மனென்ட் ஆனது தண்டவாளம். அதைப் போட்ட கூலியாள் அல்லர். பின்னாளில் ரயில்வேயில் நீண்டகாலம் உழைத்த தினக்கூலிகளுக்கு ‘டெம்பரரி ஸ்டேட்டஸ்’ என்றொரு படிநிலை வழங்கப்பட்டது. தற்காலிகம் என்ற நிலையையே ஒரு பதவி உயர்வாகப் பெற வேண்டியிருந்தது என்பதிலிருந்து அதற்குக் கீழேயும் படிகள் இருந்தன என்பது விளங்கும்.

1872-இல் மயிலாப்பூரில் தொடங்கப்பட்ட இந்து பர்மனென்ட் ஃபண்ட் போன்ற நிதி நிறுவனங்கள், வருமான வரித் துறை வழங்கும் ‘பான்’ எண்ணின் முதல் எழுத்து, சில மாதங்களே நீடிக்கும் சுருள்முடி ஒப்பனையான ‘பெர்ம்’ ஆகியவற்றிலெல்லாம் இச்சொல் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அதன் பொருள் ‘என்றென்றும்’ என்பதன்று என்பதற்கு இவையே சான்று. வேறொன்று தற்காலிகமாக இருக்கும்போதுதான் இது நிலையானது எனப்படுகிறது. அதாவது, அச்சொல்லின் பொருள் அதன் எதிர்ச்சொல்லில் இருக்கிறது.

வடசென்னை ஆலைகளில் அந்த எதிர்ச்சொல் நீண்டகாலம் ‘பதிலி’யாக இருந்தது. பெரம்பூரின் பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலைகள் போன்ற நெசவாலைகளில், வராத தொழிலாளிக்கு மாற்றாக அன்றைய நாளுக்கு மட்டும் உள்ளே அழைக்கப்படுபவர் பதிலி. அரபு மூலமான ‘பதல்’ என்ற சொல்லின் வழிவந்தது அது. நாம் அன்றாடம் வழங்கும் ‘பதில்’ என்ற சொல்லும் அதே குடும்பம்தான். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு பெரம்பூரில் தொடங்கப்பட்ட சென்னை தொழிலாளர் சங்கம் முதலில் பேசியவை வேலை நேரமும் உணவு இடைவேளையும் கூலியும். பர்மனென்ட் என்ற கோரிக்கை சட்டமொழியாக உருப்பெற மேலும் ஒரு தலைமுறை பிடித்தது.

1946-ஆம் ஆண்டு தொழில்நிலையங்கள் நிலையாணைச் சட்டம் அதற்கு எழுத்து வடிவம் தந்தது. அதன் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகள் தொழிலாளர்களை பர்மனென்ட், தகுதிகாண் பருவத்தினர், பதிலி, தற்காலிகத் தொழிலாளி, கேஷுவல், பழகுநர் என்று வகைப்படுத்தின. பர்மனென்ட் தொழிலாளி என்பவர் யார் என்பதற்கு அவை தரும் விளக்கம் சுவையானது. பர்மனென்ட் அடிப்படையில் வேலைக்கு அமர்த்தப்பட்டவரே பர்மனென்ட் தொழிலாளி. கேஷுவல் தொழிலாளி என்பவர் கேஷுவல் தன்மையுடைய வேலையில் இருப்பவர். மாணவர் ஒருவர் தேர்வில் இப்படி எழுதியிருந்தால் நான் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால், அந்த விளக்கத்தின் பிற்பகுதி முக்கியமானது. மூன்று மாதத் தகுதிகாண் பருவத்தை நிறைவாக முடித்தவரும் பர்மனென்டே. நோய், விபத்து, விடுப்பு, கதவடைப்பு, சட்டப்படியான வேலைநிறுத்தம் ஆகியவற்றால் நேர்ந்த இடைவெளிகளும் அந்தக் காலக்கணக்கில் சேரும் என்று அது கூறுகிறது. இடைவெளி வந்தாலும் அதை இடைவெளியாகக் கருதாதே என்பதே இதன் உட்பொருள்.

துறைமுகத்தின் கதை இன்னும் கூர்மையானது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. எனவே, உலகத் துறைமுகங்கள் அனைத்திலும் சுமைதூக்குவோர் அன்றன்று வாயிலில் நின்று, மேஸ்திரி கைகாட்டினால் உள்ளே போகும் தினக்கூலிகளாகவே இருந்தனர். இந்நிலையை மாற்ற இந்தியா 1948-இல் கப்பல்துறைத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. அதன் கீழ் 1956-இல் சென்னைக்கான திட்டம் வகுக்கப்பட்டது. தொழிலாளி தனிப்பட்ட முதலாளியின் ஆளாக இல்லாமல், கப்பல்துறைத் தொழிலாளர் வாரியத்தின் பதிவேட்டில் இடம்பெற்றார். வேலைக்கு வந்து காத்திருந்தும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப் படி உண்டு. வேலைக்கென வந்து, ஏதோ காரணத்தால் வேலை தொடங்காமலோ தொடராமலோ போனால் அதற்குத் தனியே ஒரு தொகை. அத்தொகைக்குச் சட்ட ஆவணங்களில் இருந்த பெயர் ‘டிஸ்அப்பாயின்ட்மென்ட் மணி’, ஏமாற்றத்துக்கான பணம். இந்தியப் பொருளாதாரச் சட்டங்களை ஏறத்தாழ 40 ஆண்டுகள் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு கூலித் தொழிலாளியின் மன உணர்வின் பெயரில் ஒரு ஊதியக் கூறு அமைந்ததாக வேறெதையும் நான் கண்டதில்லை. கப்பல் வருவதிலுள்ள நிச்சயமின்மையைத் தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டக்கூடாது, அதன் விலையைத் துறைமுகமும் கப்பல் முகவரும் ஏற்க வேண்டும் என்பதே அதன் தத்துவம். துறைமுகத்தில் பர்மனென்ட் என்பதன் பொருள் அன்று இதுதான்.

1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை மூட்டையாக நூறு கைகள் இறக்கிய சரக்கை ஒரு கிரேன் ஒரே தூக்கில் இறக்கியது. பெரிய துறைமுகங்களில் அந்த 1948 சட்டம் பொருந்தாதவாறு விலக்க 1997-இல் தனிச்சட்டம் வந்தது. 2001-இல் கன்டெய்னர் முனையத்தின் இயக்கம் தனியாரிடம் சென்றது. அதே ஆண்டில் எண்ணூரில் செயல்படத் தொடங்கிய புதிய துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், தொடக்கத்திலிருந்தே கம்பெனியாக அமைக்கப்பட்டது. அங்கே நேரடி ஊழியர் எண்ணிக்கை மிகச் சிறியது. பணிகளைச் செய்வோர் வெவ்வேறு நிறுவனங்களின், அவற்றின் ஒப்பந்ததாரர்களின் ஆள்கள்.

இதற்கு இடைப்பட்ட காலம்தான் வடசென்னையில் பர்மனென்ட் என்ற சொல்லின் பொற்காலம். 1950-களிலும் 60-களிலும் எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., கார்போரண்டம், அருகே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை என்று தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. தீப்பெட்டி நிறுவனமான விம்கோவின் பெயரே ஒரு குடியிருப்பின் பெயராகி, இன்று மெட்ரோ நிலையத்தின் பெயராகவும் நிற்கிறது. இந்த ஆலைகளின் பர்மனென்ட் தொழிலாளர்கள் கட்டிய ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் தெருக்களாயின.

வடசென்னைக் கல்லூரி ஒன்றில் நான் ஆசிரியராக இருந்தபோது சேர்க்கை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு சில ஆண்டுகள் எனக்கு இருந்தது. ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் ஃபிட்டர், வெல்டர், கிரேன் ஓட்டுநர் என்று எழுதியவர்கள் குறைவு. ‘கம்பெனி – பர்மனென்ட்’ என்று எழுதியவர்களே மிகுதி. கைத்தொழிலின் பெயரைவிட அந்தஸ்தின் பெயர் முந்திக்கொண்டது. மற்றொரு சாரார் வெறுமனே ‘கம்பெனி’ என்று எழுதி நிறுத்தினர். அந்த நிறுத்தத்தின் பொருள் எங்கள் அலுவலகத்தில் அனைவருக்கும் தெரியும். காசிமேட்டு மாணவர்கள் ‘மீன்பிடி’ என்று எழுதுவர். அவர்கள் வீட்டில் பர்மனென்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிடித்த மீனில் பங்கு. பிடிக்காத நாளில் கடன். விசைப்படகு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம்.

இந்த வேறுபாட்டைப் பொருளியல் எவ்வாறு பார்க்கிறது? மில்டன் ஃபிரீட்மன் 1957-இல் நுகர்வுச் சார்பு பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மையக் கருத்துக்குப் பெயர் ‘பர்மனென்ட் வருமானம்’. ஒரு குடும்பம் இந்த மாதம் கைக்கு வந்த பணத்தைப் பார்த்துச் செலவு செய்வதில்லை. நீண்ட காலத்தில் தனக்குச் சராசரியாக எவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கிறதோ அதைப் பார்த்தே செலவு செய்கிறது என்பது அவர் வாதம். எதிர்பாராமல் வரும் தொகை இடைக்கால வருமானம். அது பெரும்பாலும் சேமிப்புக்கோ கடனடைப்புக்கோ போகும்.

பல ஆண்டுகள் இதைக் கரும்பலகையில் வரைபடமாகப் போட்டு விளக்கியிருக்கிறேன். மாணவர்களுக்கு அது எளிதில் விளங்கியதற்குக் காரணம் என் விளக்கம் அன்று, அவர்களது தெரு. ஓவர்டைம் சேர்த்து ஒரே தொகை வாங்கும் இருவரில், பர்மனென்ட் தொழிலாளிக்குச் சீட்டு நடத்துபவர் முதல் சீட்டையே எடுக்க அனுமதிப்பார். கான்ட்ராக்ட் தொழிலாளியைக் கடைசிச் சீட்டு வரை காத்திருக்கச் சொல்வார், அல்லது ஜாமீன் கேட்பார். வங்கி வீட்டுக்கடனுக்குச் சம்பளச் சீட்டைக் கேட்கும். அதில் யாருடைய பெயர் முதலாளியாக இருக்கிறது என்று பார்க்கும். பர்மனென்ட் வீட்டுப் பிள்ளை மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு வரும். மற்ற வீட்டில் படிப்பு விரைவில் முடிய வேண்டும், ஐ.டி.ஐ. போதும் என்பார்கள். ஊதிய வேறுபாட்டைக் கணக்கெடுப்பது எளிது. காலத்தின் மீது ஒரு குடும்பத்துக்கு இருக்கும் பிடிமானத்தில் உள்ள வேறுபாட்டை எந்தப் புள்ளிவிவரமும் எளிதில் காட்டுவதில்லை. பெண் வீட்டார் கேட்கும் ஒற்றைக் கேள்வி அதைத்தான் அளக்கிறது.

ஃபிரீட்மனுக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே ஆடம் ஸ்மித் இதன் மறுபக்கத்தைச் சொல்லிவிட்டார். தொழிலுக்குத் தொழில் கூலி வேறுபடுவதற்கு 1776-இல் அவர் கூறிய ஐந்து காரணங்களுள் ஒன்று, வேலை தொடர்ச்சியாகக் கிடைக்கிறதா என்பது. கொத்தனாருக்கு மழையிலும் பனியிலும் வேலை இல்லை. எனவே, வேலை உள்ள நாள்களின் கூலி, வேலை இல்லாத நாள்களுக்கும் அந்நாள்களில் அவர் படும் கவலைக்கும் சேர்த்து ஈடு செய்ய வேண்டும் என்றார். அவர் காட்டிய மற்றோர் எடுத்துக்காட்டு லண்டனில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குவோர். கரிக் கப்பல்கள் எப்போது வரும் என்பது உறுதியில்லாததால் அவர்களுக்குக் கூலி அதிகம் என்பது அவர் கணக்கு.

எண்ணூர்த் துறைமுகம் தொடங்கப்பட்டதே அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காகத்தான். ஸ்மித்தின் தருக்கப்படி பார்த்தால், எண்ணூர் சாலையில் கரித்தூள் படிந்த சட்டையோடு மாலையில் பேருந்துக்கு நிற்கும் தற்காலிகத் தொழிலாளி, பக்கத்தில் நிற்கும் பர்மனென்ட் தொழிலாளியைவிட அதிகம் வாங்க வேண்டும். நடப்பு இதற்கு நேர்மாறு. நிச்சயமின்மையைச் சுமப்பவருக்கே கூலியும் குறைவு. ஸ்மித் கற்பனை செய்த சந்தையில் தொழிலாளிக்கு வேறு வேலைக்குப் போகும் சுதந்திரம் இருந்தது. இங்கே ஒவ்வொரு வாயிலிலும் அதே ஒப்பந்த முறை இருக்கும்போது எங்கே போவது?

எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. பர்மனென்ட் ஊழியரை மின்வாரியம் வேறொரு நிலையத்துக்கு மாற்ற முடியும். ஒப்பந்ததாரரின் ஆளுக்கு ‘மாற்றல்’ என்ற சொல்லே கிடையாது. அதே நேரத்தில், பர்மனென்ட் என்பது ஆலை உள்ளவரைதான் என்பதையும் இப்பகுதி அறியும். நூறாண்டு கடந்த பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டபோது பர்மனென்ட் தொழிலாளிக்கும் வேலை போயிற்று. அவருக்கு இழப்பீடு கேட்க ஓர் ஆவணம் இருந்தது. பதிலிக்கு அதுவும் உறுதியில்லை.

இனி, சட்டத்தில் இச்சொல் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். வேறெந்தச் சொல்லைச் சுற்றியும் இவ்வளவு தவறான நம்பிக்கைகள் இப்பகுதியில் நிலவுவதில்லை. மிகப் பரவலான நம்பிக்கை ‘240 நாள் வேலை செய்தால் பர்மனென்ட்’ என்பது. இது சரியன்று. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின்படி 12 மாதங்களில் 240 நாள்கள் வேலை செய்தவர் ‘தொடர்ச்சியான பணியில்’ இருந்தவராகிறார். அவரை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால் முன்னறிவிப்பும் இழப்பீடும் வேண்டும். அவ்வளவுதான், அதனால் அவர் பர்மனென்ட் ஆகிவிடுவதில்லை. இந்த 240 நாள் கணக்கில் ஊதியத்துடன் கூடிய ஞாயிறுகளும் விடுமுறைகளும் சேரும் என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர் வழக்கில் உச்சநீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக வந்துள்ள 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பிலும் 240 நாள் என்ற அளவு தொடர்கிறது.

பர்மனென்ட் ஆவதற்கான எண் 480. தமிழ்நாடு அரசு 1981-இல் இயற்றிய 46-ஆவது சட்டத்தின் பெயரிலேயே ‘பர்மனென்ட்’ என்ற சொல் இருக்கிறது: தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களில் 480 நாள்கள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஊதியத்துடன் கூடிய விடுப்பு, பணியின்போது நேர்ந்த காயத்தால் வராத நாள், மகப்பேற்று விடுப்பு போன்றவையும் கணக்கில் சேரும். ஒரு மாநிலச் சட்டம் இவ்வளவு நேரடியாக ஓர் எண்ணைச் சொல்லி நிரந்தரத்தை வழங்கியது குறிப்பிடத்தக்கது.

எண் தெரிந்துவிட்டால் அதைத் தவிர்க்கும் கலையும் தெரிந்துவிடும். இங்கேதான் வடமொழி வேருக்கு நாம் திரும்ப வேண்டும். நிரந்தரம் என்றால் இடைவெளியின்மை. நிரந்தரத்தைத் தடுக்க வேண்டுமானால் இடைவெளியை உண்டாக்கினால் போதும். தொழிற்பேட்டைகளில் அதற்குப் பெயர் ‘பிரேக்’. ‘ஒரு மாசம் பிரேக் குடுத்திருக்காங்க’ என்பார்கள். வேலை அப்படியே இருக்கும், எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், ஆள் மட்டும் வீட்டில் இருப்பார். பிறகு புதிய அடையாள அட்டையோடு அதே எந்திரத்துக்குத் திரும்புவார். நிலையாணைகள் நோயையும் வேலைநிறுத்தத்தையும்கூட இடைவெளியாகக் கருதாதே என்றன. நடைமுறை, எந்தக் காரணமும் இல்லாத இடத்தில் இடைவெளியைச் செய்துவைக்கிறது.

இரண்டாவது வழி, ஆளையே மற்றொருவரின் ஆளாக்கிவிடுவது. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்புச் சட்டம், ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்யுமுன் அது ஆண்டு முழுவதும் வற்றாது தொடரும் வேலையா என்று அரசு பார்க்க வேண்டும் என்றது. வேலை தொடர்ச்சியானதாக இருந்தால் ஆளும் தொடர வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஒப்பந்தம் தடை செய்யப்பட்டால் தொழிலாளி தானாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியராவார் என்று 1996-இல் ஏர் இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 2001-இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தடை விதிக்கப்பட்டாலும் தானாக நிரந்தரம் இல்லை. ஒப்பந்தமே வெறும் போர்வை என்று மெய்ப்பித்தால்தான் உண்டு. மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் மேல் விழுந்தது. எனவே, ஒப்பந்ததாரர் வழியாக வருபவரின் முன்னுள்ள முதல் கேள்வி 480 நாள் ஆயிற்றா என்பதன்று. நீ யாருடைய ஆள் என்பது.

அரசு வேலையில் கதை வேறு. முறையான தேர்வின்றி அமர்த்தப்பட்டவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று 2006-இல் உமாதேவி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்வாசல் நியமனங்களைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால், பல ஆண்டுகள் உழைத்தவர்களை வெளியே நிறுத்துவதற்கான கேடயமாக அது பயன்பட்டது. மத்திய நீர் ஆணையத்தில் தூய்மை, தோட்டப் பணிகளில் பல்லாண்டுகள் இருந்தவர்கள் தொடர்பான ஜக்கோ வழக்கில், 2024 டிசம்பரில், இவ்வாறு பயன்படுத்துவதை உச்சநீதிமன்றமே கண்டித்து அவர்களை முறைப்படுத்த உத்தரவிட்டது.

நாடு முழுவதற்குமான தொழிற்சாலை ஆய்வுகளின்படி, 2000-01-இல் ஆலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளி. அண்மை ஆண்டுகளில் அது பத்தில் நால்வருக்கு மேல். இதோடு 2018-இல் எல்லாத் துறைகளுக்கும் விரிவாக்கப்பட்ட ‘ஃபிக்ஸட் டெர்ம்’ என்ற குறித்த கால வேலையும் சேர்ந்துகொண்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்துள்ள நான்கு தொகுப்புகளில் இதற்கு உறுதியான இடம் தரப்பட்டுள்ளது. குறித்த காலத் தொழிலாளிக்கு நிரந்தரத் தொழிலாளிக்கு இணையான ஊதியமும், ஓராண்டு முடித்தாலே பணிக்கொடையும் உண்டு என்பது நல்ல அம்சம். ஒப்பந்த முறையைவிட இது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், காலம் முடிந்து வேலை நின்றால் அது ஆட்குறைப்பு ஆகாது. அதே தொகுப்புகளில் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கை வரம்பு 20-லிருந்து 50-ஆக உயர்த்தப்பட்டுள்ளது. வருமானம் சமமாகலாம், ஃபிரீட்மன் சொன்ன பொருளில் அது பர்மனென்ட் வருமானம் ஆகிவிடாது. வேலைவாய்ப்பு பெருக வேண்டுமானால் நெகிழ்வு தேவை என்று வாதிடும் என் சக பொருளியலாளர்கள், நெகிழ்வின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு 1956-இன் துறைமுகத் திட்டம் கொடுத்த அளவுக்காவது தெளிவான பதிலைத் தர வேண்டும்.

இதற்கிடையே தெருவில் சொல் தன் போக்கில் மாறிக்கொண்டிருக்கிறது. திருவொற்றியூர்ப் பக்கம் இப்போது ‘கான்ட்ராக்ட்லயே பர்மனென்ட்’ என்ற தொடரைக் கேட்க முடிகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் முரண். சொல்பவருக்கு அதில் முரண் எதுவும் இல்லை. ஒப்பந்ததாரர் மாறுவார், அட்டையில் பெயர் மாறும், ஆள் மட்டும் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளாக அதே வாயில் வழியே உள்ளே போகிறார் என்பது அதன் பொருள். மாப்பிள்ளை விசாரிப்பில் இது ஏற்கப்படுகிறதா என்று ஒரு பழைய மாணவரிடம் கேட்டேன். ‘இப்போ அதுவே பெருசு சார்’ என்றார்.

அவரைப் போன்றவர்களிடம் நான் பார்க்கச் சொல்வது வருங்கால வைப்பு நிதியின் கணக்கு ஏட்டை. 2014 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரே பொதுக் கணக்கு எண் வழங்கப்படுகிறது. முதலாளி மாறினாலும் அந்த எண் மாறாது. கைப்பேசியிலேயே ஏட்டைத் திறந்து பார்க்கலாம். மாதவாரியாகத் தொகையும், அதைக் கட்டிய நிறுவனத்தின் பெயரும் இருக்கும். எத்தனை ஒப்பந்ததாரர்களின் பெயரில் ஒரே வாயிலில் வேலை செய்தோம் என்பது அதில் தெரியும். பிரேக் கொடுக்கப்பட்ட மாதங்களில் எதுவும் பதிவாகியிருக்காது. வழக்கு என்று வந்தால் தொழிலாளியின் கையில் இருக்கும் முதல் சான்று அந்தப் பக்கங்கள்தாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றைப் படியெடுத்து, பணி ஆணை, அடையாள அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய ஒப்பந்ததாரரின் அட்டையைத் திருப்பிக் கொடுக்குமுன் அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.